ஜிம்னி 2 அங்குல லிஃப்ட்: ஸ்டியரிங் அலைகிறது, நடுவில் நிற்கவில்லை, 75இல் உதறுகிறது (அலைன்மென்ட் இரண்டு முறை செய்தாகிவிட்டது)

#1 · மலைத்தேனீ · கோவை

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக மண்டை காய்ந்துபோய் இங்கே எழுதுகிறேன்.

வண்டி மாருதி சுசுகியின் ஐந்து கதவு ஜிம்னி, 2023. கம்பெனி உயரத்தில் 22,000 கி.மீ. ஓடியவரை ஒரு குறையும் இல்லை. போன மாதம் நான்கு பக்கமும் 50 மி.மீ. உயர்த்தும் காயில் ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் போட்டேன். கூடவே 195/80 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 215/75 ஆர்15. நிறுத்தி வைத்தால் ராஜா மாதிரி நிற்கிறது. ஓட்டினால்தான் அழுகை வருகிறது.

நேர் ரோட்டில் ஸ்டியரிங் பத்துப் பதினைந்து டிகிரி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. 70க்கு மேல் போனால் வண்டி எதையோ தேடுவதுபோல இடமும் வலமும் அலைகிறது. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை, நானே இழுத்துக் கொண்டுவர வேண்டும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன ஞாயிறு சேலம் போகும்போது 75இல் ஒரு பாலத்து ஜாயின்ட்டில் ஏறி இறங்கினேன். முன் சக்கரம் இரண்டும் படபடவென்று உதற ஆரம்பித்து, ஸ்டியரிங் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போய்விடும்போல ஆடியது. 30க்கு வந்த பிறகுதான் அடங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா இனி இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தாயிற்று. திரையில் எல்லாம் பச்சை என்கிறார்கள். இரண்டாவது முறை ஸ்டியரிங் வீலையே கழற்றி, நேராகத் திருப்பி மாட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து வளைவுகளில் இஎஸ்பி (வண்டி வழுக்காமல் பிடிக்கும் அமைப்பு) விளக்கு மின்னுகிறது. கிட் விற்ற கடைக்காரர் சொல்லி டிராப் பிட்மேன் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸில் மாட்டும், தாழ்வாக வளைந்த கை) போட்டேன். அது இன்னும் மோசம்: பள்ளத்தில் இறங்கினால் நான் திருப்பாமலே வண்டி திரும்புகிறது. இப்போது தடிமனான ஸ்டியரிங் டேம்பர் போடச் சொல்கிறார். போடட்டுமா?

#2 · சும்மா_படிக்கிறவன்

அந்தக் கிட்டை அப்படியே கழற்றிப் பாதி விலைக்குக் கொடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன். பிரச்சினை என்னுடையதாகிவிடும்.

#3 · பழைய_ஜிப்சி · பொள்ளாச்சி

டேம்பர் வேண்டாம் தம்பி. காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துகிற வேலை அது. உதறலை அமுக்கிவைக்கும், உதறலுக்கான காரணம் உள்ளேயே வளரும். ஜிம்னியில் கம்பெனியே ஒரு டேம்பர் வைத்துத்தான் தருகிறது. அதையும் மீறி ஆடுகிறது என்றால் கோளாறு வேறு இடத்தில்.

மூன்று தகவல் வேண்டும். ஒன்று, அலைன்மென்ட் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள். இரண்டு, முன் சக்கரத்தை நேர் எதிரே இருந்து ஒரு படம். மூன்று, கிட் மாட்டும்போது ஆக்சிலைப் பிடிக்கும் கைகளின் போல்ட்டுகளை எப்போது இறுக்கினார்கள்: வண்டி ஹாய்ஸ்ட்டில் தொங்கும்போதா, தரையில் நிற்கும்போதா?

#4 · மலைத்தேனீ

படங்கள் போட்டிருக்கிறேன். ஹாய்ஸ்ட்டில் தொங்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டார்கள், நான் பக்கத்திலேயே இருந்தேன். அதில் என்ன தவறு அண்ணா?

#5 · பழைய_ஜிப்சி

தாளைப் பாருங்கள். டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) இருக்கிறது, கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது) இருக்கிறது. கேஸ்டர் கட்டத்தில் வெறும் கோடு. அளக்கவே இல்லை! கேஸ்டர் பார்க்க முன் சக்கரத்தைச் சுழல் தட்டின் மேல் ஏற்றி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் கூடுதலாகும். கேட்டு வாங்காவிட்டால் பல கடைகளில் செய்வதில்லை. உங்கள் வண்டியில் லிஃப்ட் கெடுத்தது கேஸ்டரைத்தான். முன்னால் இருப்பது ஒரே துண்டான ஆக்சில். கேம்பர் அசையாது, டோவும் பெரும்பாலும் அசையாது. அசையாத இரண்டை மட்டும் அளந்தால் பச்சைதானே வரும்?

கேஸ்டர் என்ன என்று தெரியாதவர்களுக்கு: சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பக்கவாட்டில் பாருங்கள். மேல்முனை ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். கையை விட்டு ஓட்டினாலும் சைக்கிள் நேராகப் போவதில் அந்தச் சாய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. வண்டியில் முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னும் அதேபோல் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஜிம்னியில் ஆக்சிலிலிருந்து இரண்டு கைகள் பின்னால் போய் சேசிஸில் மாட்டியிருக்கின்றன. வண்டியைத் தூக்கினால் சேசிஸ் முனை மேலே போகும், கை முன்பக்கம் சரியும், அதோடு ஆக்சில் முழுக்க முன்னோக்கி உருளும். கிங்பின் சாய்வு அந்த அளவுக்குக் குறையும்.

எவ்வளவு? கை 900 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. தூக்கினால் 3 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போய்விடும். உங்கள் வண்டிக் கையை டேப் வைத்து அளந்து நீங்களே கணக்குப் போடலாம். ஜிம்னிக்குக் கம்பெனி கொடுத்திருக்கும் கேஸ்டரே தாராளமானது இல்லை. அதில் 3 போனால் மிச்சம் என்ன இருக்கும்? அதனால்தான் அலைகிறது, அதனால்தான் ஸ்டியரிங் திரும்பி வரவில்லை.

#6 · 14ஆம்_நம்பர்_ஸ்பேனர் · திருப்பூர்

பட்டறைக்காரன் பேசுகிறேன். அண்ணன் சொன்ன கேஸ்டர் சரி. ஆனால் உதறலுக்கு அதுவே காரணம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். கேஸ்டர் குறைந்தால் வண்டி அலையும், சோம்பலாக இருக்கும். 75இல் படபடவென்று உதறி, வேகம் குறைத்தால்தான் நிற்கிறது என்றால் எங்கேயோ ஆட்டம் இருக்கிறது. இந்த மாதிரி வந்த வண்டிகளில் நான் முதலில் கை வைப்பது பேன்ஹார்டு ராடு (ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பி). அப்புறம் டை ராடு (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) எண்டு, கிங்பின் பேரிங், வீல் பேரிங், டயர் பாலன்சிங்.

வீட்டிலேயே பார்க்கலாம். வண்டி தரையில், நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். ஜாக்கி போடாதீர்கள், பாரம் சக்கரத்தின் மேல் இருந்தால்தான் ஆட்டம் தெரியும். இன்ஜின் ஓடட்டும், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கைக் கால் சுற்று அளவுக்கு இடமும் வலமும் விடாமல் ஆட்டட்டும். நீங்கள் முன்னால் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பாருங்கள். நசுங்காத இடத்தில் கை வையுங்கள், விரல் முக்கியம்.

ஹாய்ஸ்ட்டில் இறுக்கியதில் என்ன தவறு என்று கேட்டீர்களே. கை மாட்டும் மூட்டில் இருக்கும் புஷ்ஷுக்குள் இருக்கிற ரப்பர், உள் குழலோடும் வெளிக் குழலோடும் ஒட்டியிருக்கும். ஆக்சில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால் உள் குழல் அந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், ஓடும்போது இன்னும் முறுக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழிந்துவிடும். எல்லா போல்ட்டையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, பம்பரை நாலு அமுக்கு அமுக்கிவிட்டு, அப்புறம் டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும்.

#7 · கண்டி_ஜிம்னி · கண்டி

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய மூன்று கதவு ஜிம்னி. எனக்கும் இதே உதறல் வந்தது, லிஃப்ட் ஒன்றும் செய்யாமலே. இரண்டு கராஜில் டேம்பர் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் நல்லாய் இருக்கும், பிறகு பழையபடி. கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைக் கழற்றிப் பார்த்தார். கிங்பின் பேரிங்கில் ஊசி ஊசியாய் வரி விழுந்திருந்தது. பேரிங், சீல் மாற்றி, ஷிம் (மெல்லிய தகடு) பார்த்துப் போட்டார். மூன்று வருசமாய்ச் சத்தமே இல்லை. 22,000 ஓடின வண்டிக்கு அது இவ்வளவு கெதியில் போயிராது என்று நினைக்கிறேன். ஆனாலும் டேம்பரை நம்பிக் காசு விடாதீர்கள்.

#8 · மலைத்தேனீ

ஸ்பேனர் அண்ணா, உங்களுக்கு ஒரு கும்பிடு. மனைவி ஸ்டியரிங்கை ஆட்ட, நான் கீழே படுத்தேன். பேன்ஹார்டு ராடு ஆக்சிலில் மாட்டியிருக்கும் பக்கம், போல்ட் தலை பிராக்கெட்டுக்குள் நகர்வது கண்ணுக்கே தெரிகிறது. 'டொக் டொக்' என்று சத்தம் வேறு. கையாலேயே நட்டைத் திருப்ப முடிந்தது! டை ராடு எண்டு, பால் ஜாயின்ட் எதிலும் ஆட்டம் இல்லை. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், பேரிங்கும் கிண்ணென்று இருக்கிறது.

#9 · 14ஆம்_நம்பர்_ஸ்பேனர்

அதேதான். போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் வெறுமனே இறுக்கிப் பயனில்லை, பிராக்கெட்டுக்கு வெல்டிங் வாஷர் தேவைப்படும். வட்டமாகவே இருந்தால் புது போல்ட், புது நட்டு, தரையில் வைத்து இறுக்கல். பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

#10 · பழைய_ஜிப்சி

ஒத்துக்கொள்கிறேன், உதறல் விஷயத்தில் ஸ்பேனர் தம்பி ஜெயித்துவிட்டார். ஆனால் அதை இறுக்கிய பிறகும் அலைச்சல் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த டிராப் பிட்மேன் ஆர்மைக் கழற்றி, பழையதை மாட்டுங்கள். அதைச் சொன்னவர் லீஃப் (பட்டை) ஸ்பிரிங் வண்டி வைத்தியத்தைக் காயில் ஸ்பிரிங் வண்டிக்குச் செய்திருக்கிறார்.

வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சங்கிலியும் ஒரே நீளம், ஒன்றுக்கொன்று இணை. பலகை எவ்வளவு ஆடினாலும் கோணாது. ஒரு சங்கிலியைக் குட்டையாக்கினால் ஆட ஆடப் பலகை திரும்பும். ஜிம்னியில் அந்த இரண்டு சங்கிலி பேன்ஹார்டு ராடும் டிராக் லிங்க்கும். பேன்ஹார்டு ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கிறது, டிராக் லிங்க் பிட்மேன் ஆர்மிலிருந்து போய்ச் சக்கரத்தைத் திருப்புகிறது. இரண்டும் ஒரே சாய்வில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தால் ஆக்சில் மேலும் கீழும் போகும்போது இரண்டு முனையும் ஒன்றாகவே பக்கவாட்டில் நகரும், சக்கரம் திரும்பாது. லிஃப்ட் செய்தால் இரண்டும் சேர்ந்துதான் சாய்கின்றன, உறவு கெடவில்லை. நீங்கள் பிட்மேன் ஆர்மைத் தாழ்த்தி டிராக் லிங்க்கை மட்டும் படுக்கவைத்துவிட்டீர்கள். பேன்ஹார்டு சாய்ந்தே நிற்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது ஒன்று இழுக்கிறது, இன்னொன்று இழுக்கவில்லை. வண்டி தானே திரும்புவது அதனால்தான். பேன்ஹார்டு பிராக்கெட்டையும் அதே அளவு மாற்றினால்தான் பிட்மேன் ஆர்முக்கு அர்த்தம் உண்டு. 2 அங்குலத்துக்கு இரண்டுமே தேவையில்லை.

#11 · தார்க்காரன் · மதுரை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 2021 மஹிந்திரா தார். ஸ்பிரிங்குக்கு 1.5 அங்குல ஸ்பேசர் (உயர்த்தும் வளையம்) போட்டேன். எனக்கும் இதே வரிசைதானா? எனக்கு டயர் உள்பக்கம் தேய்கிறது.

#12 · 14ஆம்_நம்பர்_ஸ்பேனர்

இல்லை, உங்கள் வண்டி வேறு ஜாதி. 2020க்குப் பிறகு வந்த தாருக்கு முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன், இரட்டை விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம்). தூக்கினால் டோ, கேம்பர், கேஸ்டர் மூன்றும் நகரும். டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகளும் அதிகக் கோணத்தில் வேலை செய்யும், அதை மூடும் ரப்பர் பூட் கிழிகிறதா என்று அடிக்கடி குனிந்து பாருங்கள். உங்களுக்கு நல்ல மெஷினில், மூன்று அளவும் பார்க்கத் தெரிந்த இடத்தில் அலைன்மென்ட் கட்டாயம். மேல் ஆர்ம் மாற்றாமல் அளவு உள்ளே வரவில்லை என்றால் ஸ்பேசரைக் குறைப்பதுதான் வழி. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே எழுதினால் ஜிம்னிக்காரர் குழம்பிவிடுவார்.

#13 · மலைத்தேனீ

பேன்ஹார்டு ஓட்டை வட்டமாகவே இருந்தது, தப்பித்தேன். புது போல்ட் போட்டுத் தரையில் வைத்து இறுக்கினேன். மற்ற எல்லா புஷ் போல்ட்டையும் தளர்த்தித் திரும்ப இறுக்கியாயிற்று. பழைய பிட்மேன் ஆர்ம் மாட்டினேன். உதறல் போயே போய்விட்டது. அதே பாலத்தில் 60, 70, 80 என்று மூன்று முறை போய்ப் பார்த்தேன். பள்ளத்தில் தானே திரும்புவதும் இல்லை.

ஆனால் ஜிப்சி அண்ணா சொன்னபடி அலைச்சல் அப்படியே இருக்கிறது. கேஸ்டருக்கு என்ன செய்வது? ஆஃப்செட் புஷ் ஒரு விலை, புதுக் கைகள் நாலு மடங்கு விலை சொல்கிறார்கள். அட்ஜஸ்டபிள் பேன்ஹார்டும் வேண்டுமா?

#14 · பழைய_ஜிப்சி

முதலில் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். அலைன்மென்ட் கடைக்குப் போகாமலே ஒரு வழி. டிஃப்பரன்ஷியல் ஹவுசிங்கும் (ஆக்சிலில் இருக்கும் கியர் கூடு) கிங்பின்னும் ஒரே துண்டு. அதனால் பின்னியன் ஃபிளேஞ்ச் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் தட்டு) எத்தனை டிகிரி உருண்டதோ அத்தனை டிகிரி கேஸ்டர் போயிருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, ஃபிளேஞ்ச் முகத்தில் டிஜிட்டல் கோண அளவியை வையுங்கள். லிஃப்ட் செய்யாத இன்னொரு ஐந்து கதவு ஜிம்னியில் அதே இடத்தில் வையுங்கள். வித்தியாசம்தான் விடை.

2 அங்குலத்துக்கு ஆஃப்செட் புஷ் போதும். ஓட்டை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும், அதுவே ஆக்சிலைப் பின்பக்கம் உருட்டிவிடும். பிரஸ்ஸில் ஏற்றும்போது அம்புக்குறி எந்தப் பக்கம் என்று நாலு முறை பாருங்கள். தலைகீழாகப் போட்டால் இருக்கிற கேஸ்டரும் போய்விடும். இதுபோல ஒன்று எனக்கு நடந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் மாருதி ஜிப்சியில் ஸ்பிரிங் பட்டையை ஆக்சிலுக்குக் கீழிருந்து மேலே மாற்றியபோது, கேஸ்டருக்கு ஆப்பு வைத்தேன். பட்டை கீழே இருக்கும்போது ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். பட்டை மேலே போய்விட்டால் தடித்த பக்கம் பின்னால். பழைய பழக்கத்தில் முன்னாலேயே வைத்துவிட்டேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. நாற்பதிலும் ஸ்டியரிங்கை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டே போனேன். மறுநாள் சோற்றைப் பிசையக் கை வரவில்லை.

போன 3 டிகிரியையும் பிடிவாதமாகத் திரும்பப் பிடிக்காதீர்கள். கேஸ்டரைக் கூட்டக் கூட்ட, பின்பக்கம் பார்த்திருக்கும் பின்னியன் மூக்கு கீழே குனியும். முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டு அதிகம் மடங்கும். 4எச் (நான்கு சக்கர இயக்கம்) போட்டு ஓட்டும்போது அதிர்வு வரும். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொள்ள வேண்டும்.

பேன்ஹார்டு பற்றி: லிஃப்ட்டில் ஆக்சில், ராடு சேசிஸில் மாட்டியிருக்கும் பக்கமாகக் கொஞ்சம் இழுபடும். 900 மி.மீ. ராடு, இரண்டு முனைக்கும் உயர வித்தியாசம் 80 மி.மீ. இருந்தது 130 ஆனால் வெறும் 6 மி.மீ.தான். இதற்காகப் பணம் செலவழிப்பது கண்ணாடிக்கு முன்னால் நின்று மீசையைச் சரிபார்ப்பது மாதிரி.

#15 · 14ஆம்_நம்பர்_ஸ்பேனர்

மீசை இல்லை அண்ணா. அந்த 6 மி.மீ. முன்னால் மட்டும், பின் ஆக்சிலுக்கும் தனிப் பேன்ஹார்டு இருக்கிறது, அது எதிர்ப்பக்கம் இழுத்திருந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் இரட்டிப்பு. ஒரு பக்க டயர் ஃபெண்டர் ஓரத்தில் உரசுகிறதா என்று தொங்கு நூல் பிடித்து அளந்து பார்த்து முடிவெடுக்கட்டும். எதுவாக இருந்தாலும் வரிசை முக்கியம். பேன்ஹார்டை மாற்றுவதென்றால் டிராக் லிங்க்கைத் தொடுவதற்கு முன் மாற்ற வேண்டும். ஆக்சிலை நகர்த்தினால் ஸ்டியரிங் நடுவும் நகரும்.

அப்புறம் படத்தில் பார்த்தேன், சக்கரத்துக்குப் பின்னால் வீல் ஸ்பேசரா அது? 30 மி.மீ. இருக்கும்போல. அதைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே?

#16 · மலைத்தேனீ

ஹி ஹி. ஆமாம். அகலமாகத் தெரிய வேண்டும் என்று.

#17 · 14ஆம்_நம்பர்_ஸ்பேனர்

கழற்றுங்கள். சக்கரத்தை வெளியே தள்ளினால் டயர் தரையைத் தொடும் இடம் கிங்பின் கோட்டிலிருந்து விலகிப் போகும். ஒவ்வொரு கல்லும் நெம்புகோல் போட்டு ஸ்டியரிங்கை உதைக்கும்.

#18 · மலைத்தேனீ

பத்து நாளுக்குப் பிறகு வருகிறேன். நண்பனின் ஜிம்னியோடு ஒப்பிட்டதில் வித்தியாசம் 3 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. ஆஃப்செட் புஷ் போட்டதில் ஏறக்குறைய 2 திரும்பியது. ஸ்பேசர் கழன்றது. பேன்ஹார்டை மாற்றவில்லை, இருபக்கமும் அளந்ததில் 7 மி.மீ. வித்தியாசம்தான், மீசையை விட்டுவிட்டேன்.

ஸ்டியரிங் திரும்பி வருகிறது! அவிநாசி ரோட்டில் 80இல் ஒரு விரலில் பிடித்துப் போனேன் (ஒரு நிமிடம்தான், திட்டாதீர்கள்). ஸ்டியரிங் வீலைப் பழைய இடத்துக்கே திருப்பி மாட்டியதில் அது மறுபடி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அலைன்மென்ட் கடையில் மறுபடியும் வீலைக் கழற்றுகிறோம் என்கிறார்கள்.

#19 · பழைய_ஜிப்சி

விடாதீர்கள். ஸ்டியரிங் பாக்ஸில் நட்ட நடுவில் பல் இறுக்கமாக உட்காரும்படி செய்திருப்பார்கள், அங்கேதான் ஆட்டம் மிகக் குறைவு. வண்டி நேராகப் போகும்போது பாக்ஸ் அந்த நடுவில் இருக்க வேண்டும். வீலைக் கழற்றித் திருப்பி மாட்டினால் பார்வைக்கு நேர், பாக்ஸ் கோணல்தான். ஸ்டியரிங் கோணத்தைப் பார்க்கும் சென்சாரும் வண்டி திரும்புகிறது என்றே நினைக்கும். அந்த விளக்கு சும்மா மின்னவில்லை.

செய்ய வேண்டியது: ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றி, எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். அதுதான் பாக்ஸின் நடு. வீல் அங்கே நேராக இருக்கிறதா பாருங்கள். பிறகு டிராக் லிங்க்கில் இருக்கும் சரிப்படுத்தும் குழலின் கிளாம்ப்பைத் தளர்த்தி, சக்கரங்கள் நேராகும்வரை திருப்புங்கள். டை ராடைத் தொடாதீர்கள், அது டோவுக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வண்டிகள் டயர் தின்கின்றன.

கடைசியாக டோ. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, டயர் நடுவில் ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். வண்டியை இறக்கி, கொஞ்ச தூரம் முன்னால் உருட்டி நிறுத்தி, இரண்டு கோட்டுக்கும் இடையே முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. முன்னால் 2 மி.மீ. போலக் குறைவாக இருந்தால் போதும். அதற்குப் பிறகும் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் உள்ளவரிடம் சென்சாரை ஜீரோ செய்யச் சொல்லுங்கள். ஹெட்லைட்டையும் கீழே இறக்குங்கள், எதிரே வருகிறவன் சாபம் விடுகிறான்.

#20 · கண்டி_ஜிம்னி

ஒரு கேள்வி. அங்கே இப்படி உயர்த்தினால் காகிதப் பிரச்சினை இல்லையா?

#21 · பழைய_ஜிப்சி

உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த அளவை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. விபத்து என்று ஆனால் காப்பீட்டுக்காரன் முதலில் ஸ்பிரிங்கைத்தான் பார்ப்பான். தெரிந்துதான் செய்கிறோம்.

#22 · மலைத்தேனீ

டிராக் லிங்க்கில் ஒன்றரைச் சுற்று. அவ்வளவுதான்! ஸ்டியரிங் நேர், விளக்கு அணைந்துவிட்டது, டோ 2 மி.மீ. 4எச்சில் 50க்கு மேல் லேசான அதிர்வு இருக்கிறது, ஜிப்சி அண்ணா சொன்ன பின்னியன் மூக்கு. மண்ணில் நான் அந்த வேகம் போவதே இல்லை, அப்படியே விட்டுவிட்டேன். அம்மா நேற்று மருதமலை வரைக்கும் வந்தார்.

கையில் ஒரு டிராப் பிட்மேன் ஆர்ம் புதுசாகக் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமா? பாதி விலை.

#23 · பழைய_ஜிப்சி

இன்னொருவன் தலையில் கட்டாதே தம்பி. பழைய இரும்புக்காரனிடம் போடு.